காத்தலும் காத்திருத்தலும்

நம்முடைய சிறுகதைகளில் நாய்க்கு ஒதுக்கப்பட்ட இடம் வாசற்படி. கதாநாயகன் மாலையில் ஆபீஸிலிருந்து திரும்புகிறான், பூட்டைத் திறக்கிறான், நாய் பாய்ந்து வந்து காலைச் சுற்றுகிறது. மேலதிகாரி கடிந்துகொண்டதும், பஸ்ஸில் இடம் கிடைக்காததும், காலையில் மனைவியோடு ஏற்பட்ட மனஸ்தாபமும் அவனுக்கு மறந்துபோகின்றன. 'மனிதர்களிடம் இல்லாத விசுவாசம் இந்த வாயில்லா ஜீவனிடம் இருக்கிறதே!' என்று அவன் நெகிழ்வதோடு கதை முடிகிறது. இந்தக் கதையை எத்தனை பத்திரிகைகளில், எத்தனை பெயர்களில் படித்திருக்கிறேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஊர் மாறும், நாயின் நிறம் மாறும். வாசற்படி மட்டும் மாறுவதேயில்லை.

இப்படிப்பட்ட கதைகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்குத் திரும்புகிறவனுக்கு அந்த வரவேற்பு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும். என் புகார் வேறு. காலை ஒன்பது மணிக்குப் பூட்டிய கதவு மாலை ஆறரை மணிக்குத் திறக்கிறது. இடையில் ஒன்பதரை மணி நேரம். அந்த நேரத்தில் ஆபீஸில் நடந்ததைப் பற்றி ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதுகிறார். வீட்டுக்குள்ளே நடந்ததைப் பற்றி எழுத அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: நாய் காத்திருந்தது. ஒரு ஜீவனுடைய பகல் முழுவதையும் ஒரு வினைச்சொல்லில் போட்டு மூடிவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? இலக்கிய ரீதியாகவே இது எனக்குப் போதவில்லை.

தமிழில் காத்தலும் காத்திருத்தலும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஆனால் காத்தல் ஒரு தொழில். காத்திருத்தல் பெரும்பாலும் ஓர் அவஸ்தை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளை முன்னிட்டு நடந்த சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் கல்வெட்டு சொல்லுகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டினவர்கள் அதன் நன்றியுணர்ச்சியைப் பற்றி உருகவில்லை. அது என்ன செய்தது என்று சொன்னார்கள். கோவிவனுக்குச் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. எஜமான் பக்கத்திலேயே இருந்தான்.

அந்தக் கல் உள்ள மாவட்டத்திலேதான் ஆரணியும் இருக்கிறது. ஆரணி என்றால் வெளியூரார்களுக்கு இரண்டு சரக்குகள் நினைவுக்கு வரும்: ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போகிற நம் வாசகிகளில் பலர், அந்தப் புடைவை பிறந்த வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டின் முன்கட்டிலேயே தரையில் குழி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்துக்கொண்டு நெசவாளி உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி; கயிற்றை இழுத்தால் நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். மனைவி தார் சுற்றிக்கொண்டிருப்பாள். அறுந்த இழையைப் பிணைக்க ஒரு கிழவி. எடுபிடிக்கு ஒரு பையன். வெயில் ஏறுமுன் தெருவிலே பாவு நீட்டுவார்கள். அதற்கு அக்கம்பக்கத்தாரும் கை கொடுப்பார்கள். வேலைக்குப் போவது என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. வேலை வீட்டில் இருந்தது.

அந்த வீட்டு நாயை யாரும் 'வளர்ப்பதாக'ச் சொல்லிக்கொண்டதில்லை. அது திண்ணைக்குக் கீழே படுத்திருக்கும். தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது ஆடு மாடு வந்தால் குரைக்கும். தறிச் சத்தம் நின்றால் காதைத் தூக்கிப் பார்க்கும். சத்தம் நின்றால் சாப்பாட்டு வேளை என்று அதற்குத் தெரியும். நாலு வீட்டுச் சோறு சாப்பிட்டு, நாலு வீட்டுக்கும் பொதுவாக இருக்கும். அதைக் கல்லால் அடித்தவர்களும் உண்டு. தடுப்பூசி என்ற பேச்சையே அது கேட்டதில்லை. பழைய காலத்தை நான் பொற்காலமாக்கப் பார்க்கவில்லை. அந்த நாய் பட்ட கஷ்டங்களின் ஜாபிதாவில் தனிமை மட்டும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. சும்மா அலைகிற மனிதனைக் கேலி செய்வதற்காகச் சொன்னது; ஆனாலும் சொன்னவன் தெரு நாயை நன்றாகக் கவனித்திருக்கிறான். ஒரு மூலையில் மோந்து, இன்னொரு மூலையில் குரைத்து, எதிர்த் தெரு நாயோடு சண்டைக்குப் போய், திரும்பி வந்து படுத்து, மறுபடி எழுந்து போவதற்குள் அதன் பகல் கழிந்துவிடும். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் இன்றைய நாய்க்கு இந்தப் பழமொழி பொருந்தாது. அதற்கும் வேலையில்லை, நிற்கத்தான் நேரம் மலைபோலக் கிடக்கிறது.

ஆரணியில் நெசவு நின்றுவிடவில்லை. ஆனால் நெசவாளியின் பிள்ளைகள் பலர் குழியில் இறங்க விரும்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதுகு வலியையும் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தையும் வாரிசாக ஏற்க யார் ஆசைப்படுவார்கள்? செய்யாற்றுக்கும், ராணிப்பேட்டைக்கும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்கும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் அந்த ஊரில் ஒரு வீட்டைப் பார்த்தேன். தறிக் குழியை மூடி, மேலே வழவழப்பான கல் பதித்துவிட்டார்கள். திண்ணையை இடித்துக் கம்பிக் கதவு போட்டாயிற்று. புருஷன் ஒரு பஸ்ஸிலும் மனைவி ஒரு பஸ்ஸிலுமாக விடியற்காலையில் போய்விடுவார்கள். கம்பிக்குப் பின்னால் விலை கொடுத்து வாங்கிய ஒரு லாப்ரடார் நாய். 'மொதல்ல கொஞ்ச நேரம் கத்திக்கினு இருக்கும் சார். அப்பறம் சும்மா படுத்துக்கும்' என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். அந்த 'அப்பறம்' என்ற சொல்லில் ஒரு சிறுகதை இருக்கிறது. அதைத்தான் நம்மவர்கள் எழுதவில்லை.

எழுதியதைப் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. இதே நிலைமையை வைத்து எழுதும் கதைகளில் ஒரு ரகம் உண்டு. மனைவியும் வேலைக்குப் போகிறாள். குழந்தை காப்பகத்தில், மாமியார் ஊரில், நாய் பூட்டிய வீட்டில். ஒரு நாள் நாய் சாப்பிடாமல் கிடக்கிறது, அல்லது செத்துப்போகிறது. மனைவி கண்ணீர் விட்டு, வேலையை ராஜிநாமா செய்கிறாள். இந்தக் கதைகளில் நாய் ஒரு பாத்திரமே அல்ல. பெண்ணுக்கு எதிராகக் கூண்டில் ஏற்றிய சாட்சி. ஆண் பத்து மணி நேரம் வெளியே இருந்தது ஆசிரியருக்குக் குற்றமாகத் தெரிவதில்லை. பெண் இருந்ததுதான் தெரிகிறது.

ஆரணித் தறிவீட்டை நினைத்துப் பார்த்தால் இந்த வாதத்தின் ஓட்டை தெரியும். அந்த வீட்டுப் பெண் 'வீட்டோடு' இருந்தவள் அல்ல. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உழைத்தவள். கூலிக் கணக்கில் அவள் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். ஆணும் அங்கேயே இருந்தான். நாய்க்குத் துணையாக இருந்தது 'வீட்டுப் பெண்' என்று சொல்வது சரித்திரப் பிழை. வீட்டுக்குள் நடந்த தொழில்தான் எல்லோரையும் அங்கே சேர்த்து வைத்திருந்தது. தொழில் படியிறங்கிப் போனபோது மனிதர்கள் அதன் பின்னால் போனார்கள். போக முடியாதது நாய் ஒன்றுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் மருமகளைத் தண்டிக்கிற கதாசிரியர், நாயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எதற்கோ வக்காலத்து வாங்குகிறார்.

உலக இலக்கியத்தில் பெரியவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்? ஹோமரின் ஒடிஸியில் ஆர்கோஸ் என்ற நாய் இருபது வருஷம் கழித்துத் திரும்பும் எஜமானை அடையாளம் கண்டு, வாலை ஆட்டிவிட்டு உயிர் விடுகிறது. எல்லோருக்கும் நினைவிருப்பது இவ்வளவுதான். ஆனால் அந்த நாய் எங்கே படுத்திருந்தது என்பதையும் ஹோமர் சொல்கிறார்: சாணக் குவியலின் மேல், உண்ணி மொய்க்க. எஜமான் இல்லாத வீட்டில் அதைக் கவனிக்க ஆளில்லை என்பதையும் பன்றி மேய்ப்பவன் வாயால் சொல்லவைக்கிறார். விசுவாசத்தைப் பாடிய கவி, அதற்கு நாய் கொடுத்த விலையையும் மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் வாலை எடுத்துக்கொண்டு உண்ணியை விட்டுவிட்டார்கள்.

ஜப்பானில் ஹச்சிகோவுக்கும் இதுதான் நேர்ந்தது. டோக்கியோவில் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் இறந்துபோனார். அவருடைய நாய் 1935 மார்ச்சில் தான் சாகும்வரை ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்தது. 1934ல், அது உயிரோடிருக்கும்போதே, அதற்குச் சிலை வைத்துவிட்டார்கள். ஆனால் 1932ல் ஒரு தினசரி அதைப் பற்றி எழுதும்வரை ஸ்டேஷனில் அது அடியும் விரட்டலும் பட்ட நாய்தான். சிலையாகிவிட்ட காத்திருப்பு எல்லோருக்கும் பிடிக்கிறது. காலடியில் வந்து படுக்கும் காத்திருப்பு இடைஞ்சலாக இருக்கிறது.

2022ல் வந்த '777 சார்லி' என்ற கன்னடப் படம் தமிழிலும் ஓடியது, வாசகர்கள் பார்த்திருக்கலாம். தனியாக வாழும் ஓர் ஆலைத் தொழிலாளியிடம் ஒரு நாய் வந்து சேர்கிறது. தொடக்கத்தில் வரும் வீட்டுக் காட்சிகளில், வேலைக்குப் போகிறவன் வீட்டு நாயின் பிரச்னை நன்றாகவே தலைகாட்டுகிறது. ஆனால் கதை சீக்கிரத்திலேயே நாயை நோயாளியாக்கி, இருவரையும் பனிமலைக்குப் பிரயாணம் அனுப்பிவிடுகிறது. பிரயாணம் கண்ணீர் வரவழைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாயை வைத்திருக்கும் தொழிலாளிகளில் எத்தனை பேர் பனிமலைக்குப் போகமுடியும்? மறுநாள் காலை ஷிப்டுக்குப் போயாக வேண்டியவனுக்கும் அவன் நாய்க்கும் என்ன வழி என்ற கேள்வி பனியில் புதைந்துபோகிறது.

பூட்டிய அறைக்குள்ளே நுழைந்து பார்த்தவர், எனக்குத் தெரிந்தவரையில், செகாவ் ஒருவர்தான். 1887ல் அவர் எழுதிய 'கஷ்டாங்கா' குழந்தைகளுக்கான கதை என்று பெயர் வாங்கிவிட்டது. பெரியவர்கள் அதைத் திரும்பவும் படிக்க வேண்டும். கஷ்டாங்கா ஒரு தச்சனுடைய நாய். தச்சன் குடிகாரன், நாயை மட்டமாகப் பேசுகிறவன். அவன் பையன் இறைச்சித் துண்டை நூலில் கட்டி விழுங்கக் கொடுத்துவிட்டு, வயிற்றிலிருந்து திரும்ப இழுத்து விளையாடுகிற கொடூரன். ஒரு நாள் தெருவில் வழி தவறிய நாயை ஒரு சர்க்கஸ் கோமாளி எடுத்துப் போய் வைத்துக்கொள்கிறான். நல்ல சாப்பாடு, மெத்தை, புதுப் பெயர், வித்தை கற்றுக்கொடுக்கும் அன்பான எஜமான். கடைசியில் சர்க்கஸ் கொட்டகையில் தச்சனும் பையனும் கூப்பிட்ட குரல் கேட்டதும், நாய் அத்தனையையும் விட்டுவிட்டு அவர்களிடம் ஓடிப்போகிறது.

இதை அடிமைப் புத்தியின் கதை என்று படிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் நடுவில் வரும் ஓர் இடத்தைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கோமாளி மாலைதோறும் வாத்தையும் பூனையையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். நாய் தனியாக இருக்கும். அறையில் இருட்டுப் பரவுவதுபோலத் துயரம் அதற்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுவதைச் செகாவ் விவரிக்கிறார். முதலில் குரைக்கவோ ஓடவோ தோன்றவில்லை, சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. பிறகு மங்கலாக இரண்டு உருவங்கள் தோன்றுகின்றன. மனிதர்களா நாய்களா என்று தெளிவில்லை. ஆனால் அவற்றிலிருந்து வஜ்ஜிரப் பசையும் மரச்சீவலும் வார்னிஷும் மணக்கின்றன. அதாவது தச்சுப்பட்டறையின் வாசனை. அந்தப் பட்டறைதான் தச்சனின் வீடு. மேஜைக்கடியில் சீவலின் மேல் நாய் படுத்திருக்க, நாளெல்லாம் மனிதர்கள் அங்கேயே வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆரணித் தறிவீடும் அதுவும் ஒரே ஜாதி. கஷ்டாங்கா நல்ல எஜமானை விட்டுக் கெட்டவனிடம் போகவில்லை. வேலை நடக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. தச்சனைச் செகாவ் நல்லவனாக்கவுமில்லை, கோமாளியைக் கெட்டவனாக்கவுமில்லை. அன்பாகச் சோறு போடுகிறவனும் தன்னையறியாமல் ஒரு நாயைத் துயரத்தில் வைத்திருக்கமுடியும் என்பதை அவர் தெரிந்துகொண்டிருந்தார். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கோமாளியின் நிலையில்தான் இருக்கிறோம்.

செகாவுக்குக் கற்பனையே போதுமாக இருந்தது. நமக்கோ இப்போது சாஸ்திரமும் உதவிக்கு இருக்கிறது. வீட்டில் காமிரா வைத்துப் பார்த்தவர்கள் சொல்வது என்னவென்றால், தனிமை தாங்காத நாய் பெரும்பாலும் மனிதர் புறப்பட்ட முதல் அரை மணிக்குள்ளேயே கதவைப் பிறாண்டி, குரைத்து, ஊளையிடத் தொடங்கிவிடுகிறது. நாய்கள் எல்லாமே இப்படியில்லை. காலையில் நன்றாக நடந்துவிட்டு வந்த வயதான நாய் பகலில் தூங்கியே பொழுதைப் போக்கிவிடலாம். குட்டிக்கு அது முடியாது. மூத்திரத்தை அடக்கக்கூட அதற்குச் சக்தியில்லை. கிழிந்த தலையணையைப் பார்த்து, 'விட்டுப்போனதற்குப் பழிவாங்கிவிட்டது' என்று நம் கதாசிரியர்கள் வேடிக்கையாக எழுதுகிறார்கள். அது பழியல்ல, பயம். தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும் அந்தப் பிரசித்தமான 'குற்றவாளி முகம்'? அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 2009ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாய் தப்புச் செய்ததோ இல்லையோ, எஜமான் கடிந்துகொண்டால் அந்த முகம் வருகிறது என்று காட்டினார். நாம் நாயின் மனச்சாட்சியைப் படித்ததாக நினைத்தோம். படித்ததெல்லாம் நம்முடைய கோபத்தின் நிழலைத்தான். வாசற்படியில் நின்று எழுதினால் இப்படித்தான் ஆகும்.

சட்டம் எழுதினவர்கள் கதை எழுதினவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் எடுத்துக்கொண்ட முயற்சியின் பலனாக 1960ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பதினோராவது பிரிவு, அடிப்பதையும் உதைப்பதையும் மட்டும் கொடுமை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. வழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு உடற்பயிற்சி கொடுக்கத் தவறுவதும் கொடுமை என்கிறது. பிரிட்டனின் மிருகவதைத் தடுப்புச் சங்கம் நாயை நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விடவேண்டாம் என்று புத்தி சொல்கிறது. ஸ்வீடனில் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது வெளியே விடவேண்டும் என்று விதி. இந்த எண்களை எந்தப் போலீஸ்காரரும் வந்து நம் வீட்டில் சரிபார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த ஒன்பதரை மணி நேரத்தை யாரோ சிலர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இவை சாட்சி.

2020ல் ஊரடங்கு வந்தபோது படித்த வர்க்கத்தார் பலர் ஆபீஸை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை நெசவாளி வீட்டு நாய்க்கு மட்டும் கிடைத்திருந்த பாக்கியம் அடுக்குமாடி நாய்களுக்கும் கிடைத்தது. பொழுதுபோகவில்லை என்று புதிதாகக் குட்டி வாங்கினவர்களும் உண்டு. பிறகு ஆபீஸ்கள் திறந்தன. தனிமை என்றால் என்னவென்றே அறியாமல் வளர்ந்த நாய்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் அதைத் தெரிந்துகொண்டன. ஒரு பெரிய நாவலுக்கான விஷயம் கண்ணெதிரே நடந்தது.

வேலையை விட்டுவிட்டு நாயோடு உட்காருங்கள் என்று யாருக்கும் உபதேசம் செய்ய நான் தயாரில்லை. அந்த நாய்க்குச் சோறு அந்தச் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு. சாவியை எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவைக்கலாம். மத்தியானம் ஒருதரம் திறந்துவிட ஒரு பையனுக்குக் கூலி கொடுக்கலாம். பகலில் ஆள் இருக்கிற உறவினர் வீட்டில் விட்டுப்போகலாம். புறப்படும் பழக்கத்தை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று சிறுகச் சிறுகக் கற்றுக்கொடுக்கலாம். இவற்றில் ஒன்றுக்கும் வழியில்லாதவர்கள் நாய் வாங்காமல் இருப்பதே அதனிடம் காட்டும் பிரியம்.

மகாபாரதம் தொடங்கும் இடத்துக்கு அருகில் ஒரு நாய் வருகிறது. குற்றமில்லாத தன் குட்டியை ஜனமேஜயனின் தம்பிமார் ஏன் அடித்தார்கள் என்று சரமை வந்து கேட்கிறாள். பதில் சொல்ல அவர்களால் முடியவில்லை. முடியும் இடத்திலும் ஒரு நாய் வருகிறது. அதை விட்டுவிட்டால் சொர்க்கம் உண்டு என்ற நிபந்தனையைத் தருமன் மறுக்கிறான். இரண்டு இடங்களிலும் பரீட்சை மனிதனுக்குத்தான். நாயின் விசுவாசத்தைச் சோதிக்க வியாசருக்குத் தோன்றவேயில்லை. நாமோ கதைக்குக் கதை நாயையே பரீட்சையில் உட்காரவைத்து, அது தேறிவிட்டது என்று கண்ணீர் விடுகிறோம்.

சிறுகதை எழுதும் இளைஞர்களுக்கு இந்த விஷயத்தில் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தடவை நாயை வைத்து எழுதும்போது, காலை ஒன்பது மணிக்குக் கதாநாயகனோடு பஸ் ஏறிப் போய்விடாதீர்கள். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கத்திலேயே இருங்கள். அது கத்துவதையும், பிறகு கத்தாமல் படுத்துக்கொள்வதையும் எழுதுங்கள். மாலையில் கதவைத் திறக்கிறவன் படிப்பதற்கு அந்தக் கதை அவ்வளவு இதமாக இருக்காது, இருக்க வேண்டியதுமில்லை.